கிரிண்டல்வால்டுக்கு ஓட வாருங்கள்: பேர்ண் தமிழ் ஓட்டக்காரருக்கு ஒரு திறந்த மடல்



ஞாயிறு காலைகளில் ஆரே ஆற்றங்கரையில் ஓடுகிற உங்களில் பலரை முகம் பார்த்துத் தெரியும், சிலரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் தெரியும். மே மாதம் நடக்கும் பேர்ண் நகரின் பத்து மைல் ஓட்டத்துக்குப் பதிந்துவிட்டு மாசிக் குளிரிலேயே பயிற்சி தொடங்குகிறவர்கள் நீங்கள். ஊரில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மரதன் ஓடிய கால்கள் சில இன்னும் ஓய்வெடுக்கவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளோ எங்களைத் திரும்பிப் பார்க்காமலே முந்திப் போகிறார்கள். உங்களிடம் "மலைப்பக்கம் ஓடப் போவமா?" என்று கேட்டால் இரண்டு பதில்களில் ஒன்று வரும். ஒன்று, "அதெல்லாம் வெள்ளையளின்ர வேலை." மற்றது, "நாங்கள் போய் வந்தனாங்கள்தானே."

இரண்டாவது பதிலுக்கு அர்த்தம் யுங்ஃபிராவ்யோக். கனடாவிலிருந்து மாமி வந்தாலும் லண்டனிலிருந்து பெரியப்பா குடும்பம் வந்தாலும் 3,454 மீற்றர் உயரத்திலுள்ள அந்த நிலையத்துக்கு அவர்களை ரயிலேற்றிக் கொண்டுபோவது நம் விருந்தோம்பலில் எழுதாத சட்டம். குடும்பமாகப் போனால் அந்த மாதச் சேமிப்பு அங்கேயே கரையும். பனியில் நின்று படமெடுத்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டு, தலையிடியோடு இறங்குவோம். அதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் அந்த ரயில் யன்னலுக்கு வெளியே, கிரிண்டல்வால்ட் ஊரைச் சுற்றி, பயணச்சீட்டுக் கேட்காத பாதைகள் மேய்ச்சல் நிலத்துக்கும் பாறைக்கும் நடுவே கிடக்கின்றன. அவற்றில் ஓட வாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பதில்தான் எனக்கு உறைக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதியாக வந்திறங்கிய நம்மவரில் பெரும்பாலோருக்கு இந்த நாட்டில் முதலில் திறந்த கதவு உணவகத்தின் பின்கதவு. மலையூர் ஹோட்டல்களில் தட்டுக் கழுவி, சலாட் வெட்டி, பிறகு மெல்ல மெல்ல அடுப்படிக்கு முன்னேறிய எத்தனையோ பேர் மலையைக் குசினி யன்னலால்தான் பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் கிடைக்கும் சிம்மர்ஸ்டுண்ட என்ற ஓய்வு நேரத்தில் யார் மலையேறுவார்? கட்டிலில் சாயத்தான் உடம்பு சொல்லும். அந்த நாட்களிலிருந்து மலை என்றால் வேலையிடம், அல்லது காசுள்ளவர் விடுமுறை கழிக்கும் இடம் என்று மனதில் பதிந்துபோனது. இத்தனைக்கும் யுங்ஃபிராவ் ரயில் பாதையை ஐகர் மலையின் வயிற்றுக்குள் 1896 முதல் 1912 வரை குடைந்தவர்களும் பெரும்பாலும் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்தாம். முப்பது பேரளவில் அந்த வேலையில் உயிர் விட்டார்கள். ஆகவே இந்த மலைகள் யாருடையவை என்ற கேள்விக்கு அவ்வளவு சுலபமாக "வெள்ளையளின்ர" என்று பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. சுவிஸ் குடியியல் சட்டக்கோவையின் 699ஆம் பிரிவு, காட்டுக்குள்ளும் மேய்ச்சல் நிலத்துக்குள்ளும் வழமைப்படி யாரும் நடமாடலாம் என்கிறது. உங்கள் வதிவிட அட்டையில் இருப்பது எஃப் எழுத்தா, பி எழுத்தா, சி எழுத்தா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. 1979 பெப்ரவரியில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் நடைபாதைகளையும் மலைநடைப் பாதைகளையும் அரசியலமைப்பிலேயே சேர்த்துக்கொண்ட நாடு இது. இன்றைய அரசியலமைப்பில் அது 88ஆம் உறுப்புரை. குடியுரிமை நேர்காணலுக்காக மலைப் பெயர்களையும் மாநிலப் பெயர்களையும் பாடமாக்கிய நாங்கள், இந்த ஒன்றை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டோம்.

நாடு முழுவதும் ஏறத்தாழ 65,000 கிலோமீற்றர் நீளத்துக்குக் குறியிட்ட பாதைகள் உண்டு. மஞ்சள் பலகை மட்டும் இருந்தால் சாதாரண நடைபாதை. அம்பின் நுனியில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை இருந்தால் மலைப்பாதை: செங்குத்தும் ஒடுக்கமும் இருக்கும், தலைசுற்றுள்ளவர் யோசிக்க வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறு, பனிக்கட்டி, பாறையேற்றம் எல்லாம் வரலாம். அந்தப் பக்கம் இப்போதைக்குத் திரும்பாதீர்கள். பலகையில் தூரம் இராது, நேரம்தான் இருக்கும். சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீற்றர் என்ற அடிப்படையில், ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட நடைநேரம் அது. ஓடிப் பழகிய ஒருவர் அதில் பாதி நேரத்தில் போய்விடலாம் என்பது இங்குள்ள மலையோட்டக்காரர் சொல்லும் கைக்கணக்கு. முதல் நாள் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது? கிரிண்டல்வால்ட் 1,034 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர். தெற்கே ஐகரும் வெட்டர்ஹோர்னும் சுவராக நிற்க, வடக்கே வெயில் விழும் புல்சரிவுகள் ஏறிப் போகின்றன. தொடக்கக்காரருக்கு வடபக்கம்தான். ஊரிலிருந்து பஸ்ஸில் கிறோசெ ஷைடெக் கணவாய்க்குப் போங்கள். 1,962 மீற்றர். தனியார் கார்கள் அந்தக் கணவாய்க்குப் போக முடியாது, ஆகையால் பஸ்ஸை விட்டால் சைக்கிள், இல்லையேல் கால். அங்கிருந்து ஃபிர்ஸ்ட் என்ற இடம் வரைக்கும் ஏறத்தாழ 6 கிலோமீற்றர், ஏற்றம் மிகக் குறைவு, பாதை அகலம். இடக்கைப் பக்கம் பள்ளத்தாக்கைத் தாண்டி ஐகர் முழுசாகத் தெரியும். ஆரேக்கரையில் ஒரு மணி நேரம் ஓடக்கூடிய எவரும் இதை ஓடி முடிக்கலாம், இடையிடையே நின்று மூச்சு வாங்கவும் வெட்கப்படத் தேவையில்லை. இரண்டாயிரம் மீற்றர் உயரத்தில் வழக்கமான வேகத்துக்கே நெஞ்சு கூடுதலாக அடிக்கும். அது இயல்பு.

ஃபிர்ஸ்டுக்கு வந்த பிறகு கால் இன்னும் கேட்டால், மேலே 3 கிலோமீற்றரில் பாகால்ப் ஏரி. சனம் குவியும் இடம்தான், சந்தேகமில்லை. காலை எட்டரைக்கு முன் போனால் ஏரியில் மலைகள் தலைகீழாகத் தெரியும், பத்தரைக்குப் போனால் செல்ஃபிக் கோல்கள் தெரியும்.

நான் உண்மையில் உங்களை அழைக்க விரும்புவது அதற்கும் மேலே. ஏரியைத் தாண்டி, 2,681 மீற்றர் உயர ஃபவுல்ஹோர்ன் உச்சிக்கு அடியால் சுற்றிக்கொண்டு, மலைமுதுகு நெடுக மேற்கே ஷீனிகெ பிளாட்டெ வரை போகும் பாதை. ஃபிர்ஸ்டிலிருந்து மொத்தம் 16 கிலோமீற்றர் அளவு வரும். மஞ்சள் பலகை ஆறு மணி நேரம் என்கிறது. முதல் ஒரு மணி நேரம் ஏற்றம், அதை நடந்துதான் போக வேண்டும். ஃபவுல்ஹோர்ன் உச்சியில் ஏறத்தாழ இருநூறு ஆண்டு பழமையான மலை ஹோட்டல் ஒன்று நிற்கிறது. ரயிலும் கேபிள் காரும் இல்லாத காலத்தில் ஐரோப்பியக் கனவான்கள் கோவேறு கழுதையில் ஏறி வந்து சூரியோதயம் பார்த்த இடம். அங்கிருந்து இறங்கத் தொடங்கினால்தான் இந்தப் பாதையின் பெருமை விளங்கும். ஒரு கைப்பக்கம் ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் என்ற மூன்று பெரிய மலைகள். மறு கைப்பக்கம் ஆயிரம் மீற்றருக்கு மேல் கீழே பச்சை கலந்த நீலத்தில் பிரியன்ஸ் ஏரி. தட்டைநிலத்து யாழ்ப்பாணத்தில் பிறந்து, கீரிமலையை மலை என்று நம்பி வளர்ந்த எனக்கு, ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நிலம் கீழே போவது உடம்புக்கே புதிது.

நடுவழியில் 2,344 மீற்றரில் மெண்ட்லெனென் குடில் இருக்கிறது, பாறைகளின் இடுக்கில் ஒட்டினாற்போல. சூப்பும் தேநீரும் கிடைக்கும், காசாகவும் கொஞ்சம் கையில் வைத்திருங்கள். அதை ஒட்டிய நிழற்பள்ளத்தில் ஜூன் கடைசியிலும் பழைய பனி கிடக்கும். காலையில் அது கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். ஆகவே ஜூலை நடுப்பகுதிக்கு முன் இந்தப் பாதைக்குப் போக வேண்டாம், செப்டெம்பர் எல்லாவற்றிலும் உத்தமம். முடிவில் ஷீனிகெ பிளாட்டெயில் 1893 முதல் ஓடும் பற்சக்கர ரயில் உங்களை வில்டர்ஸ்வில்லுக்கு இறக்கிவிடும். கடைசி ரயில் மாலையோடு முடிந்துவிடும், நேரத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கள். தவறவிட்டால் இன்னும் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு மீற்றர் இறக்கம், களைத்த முழங்காலோடு.

தென்பக்கத்தில் ஐகர் டிரெயில். 1997இல் திறந்தது. ஐகர்கிளெட்ஷர் நிலையத்திலிருந்து ஆல்பிக்லென் வரை 6 கிலோமீற்றர், எழுநூறு மீற்றர் இறக்கம், வடசுவரின் அடியை உரசிக்கொண்டு போகிறது. அந்தச் சுவர் மட்டும் 1,800 மீற்றர் உயரம். 1936இல் நான்கு இளைஞர்கள் அதில் மாண்டார்கள். 1938 ஜூலையில் ஹெக்மாயர், ஃபோர்க், ஹாரர், காஸ்பாரெக் என்ற நால்வர் முதன்முதலில் ஏறி முடித்தார்கள். இந்தச் சரித்திரமெல்லாம் தெரிந்தவர்கள் பாதையில் நின்று நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். ஓடிக்கொண்டு அண்ணாந்து பார்க்காதீர்கள், பாதை சிறுகற்கள் நிறைந்தது. பெரும்பாலோர் மேலிருந்து கீழே ஓடுகிறார்கள். என் அபிப்பிராயம் நேர் எதிர்: கிரிண்டல்வால்டிலிருந்து ஆல்பிக்லென் வழியாகக் கீழிருந்து ஏறுங்கள். முழங்கால் பிழைக்கும், சுவரும் அடிக்கு அடி வளர்ந்து வரும், களைத்துப்போய் மேலே சேர்ந்ததும் ரயில் இருக்கிறது.

மென்லிக்கென்னிலிருந்து கிளைனெ ஷைடெக் போகும் பாதை கிட்டத்தட்ட சமதளம். தள்ளுவண்டியும் பாட்டிமாரும் நிறைந்தது. பகலில் அங்கே ஓடுவது மற்றவர்களுக்குத் தொல்லை.

ஊருக்குக் கிட்ட இன்னொரு பாதை இருக்கிறது. ஓடுவதற்கு அவ்வளவு தோதில்லை, ஆனால் பிள்ளைகளை ஒருமுறையாவது கூட்டிப் போங்கள். ஃபிங்ஸ்டெக்கிலிருந்து பேரெக் குடிலுக்கு, 1,775 மீற்றருக்கு ஏறும் ஒடுங்கிய பாதை. சில இடங்களில் பிடித்துக்கொள்ளக் கம்பிக் கயிறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கீழ் கிரிண்டல்வால்ட் பனியாறு ஊரின் வாசல் வரை இறங்கி வந்து கிடந்தது. இன்று பேரெக்கில் நின்று பார்த்தால் கீழே தெரிவது சாம்பல் நிறக் கற்குவியல். பனி மிகத் தூரத்தில் பின்வாங்கிப் போய்விட்டது. முன்பு ஸ்டீரெக் என்ற இடத்தில் ஒரு குடில் இருந்தது. பனியாறு மெலிந்தபோது அதன் பக்கவாட்டு மண்சுவரைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாமல் போய், 2005இல் குடிலின் முன்னால் நிலமே சரிந்தது. குடிலைக் கைவிட்டு எரித்தார்கள். அடுத்த கோடையில் ஐகரின் கிழக்குப் பக்கத்திலிருந்து பெரும் பாறைத் தொகுதியொன்று உடைந்து விழுந்தது. பனி உருகிச் சேர்ந்த ஏரி உடைத்துக்கொண்டு பள்ளத்தாக்கை மூழ்கடிக்காமல் இருக்கப் பாறைக்குள் வடிகால் சுரங்கமும் குடைந்தார்கள். இன்றைய பேரெக் குடில் ஸ்டீரெக் குடிலுக்குப் பதிலாக இன்னும் உயரத்தில் கட்டியது. பாடசாலையில் காலநிலை மாற்றம் பற்றி ஜெர்மன் மொழியில் கட்டுரை எழுதும் பிள்ளைகள் இதை நேரில் பார்த்தால் கூகிளில் தேட வேண்டி வராது.

இனி உங்கள் பயங்களுக்கு வருகிறேன். "மேட்டில் எப்படி ஓடுவது?" ஓட வேண்டாம். மலையோட்டப் போட்டிகளில் வெல்பவர்கள்கூடச் செங்குத்து வந்தால் தொடையில் கையூன்றி நடக்கிறார்கள். இங்கே கிலோமீற்றருக்கு எத்தனை நிமிடம் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை உயர மீற்றர் ஏறினாய் என்பதுதான் கதை. ஆரேக்கரையில் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து ஓடியவர்களுக்கு இது பெரிய விடுதலை. உண்மையான சோதனை இறக்கத்தில்தான். தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்க வேண்டியிருப்பதால் அடுத்த இரண்டு நாள் படியிறங்க மாட்டீர்கள். குறுகிய எட்டு, வேகமான எட்டு, பார்வை நாலு அடி முன்னால். பேர்ணிலேயே குர்ட்டன் குன்றில் ஏறி இறங்கிப் பழகலாம். அடிப்பாகத்தில் ஆழமான வரிப்பள்ளங்கள் உள்ள சப்பாத்து ஒன்று மட்டும் காசு போட்டு வாங்க வேண்டிய சாமான். கடையில் விற்கும் சக்தி ஜெல்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பயற்றம் உருண்டையும் எள்ளுருண்டையும் பையில் நசுங்காமல் வருகின்றன, வயிற்றையும் கலக்குவதில்லை.

காலநிலையை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகையளவு குளிர் கூடும். கோடையில் பிற்பகல் இடி மின்னல் பொதுவான விஷயம், மலைமுதுகில் அதற்கு ஒதுங்க இடமில்லை. விடிய வெளிக்கிட்டு மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள், மழைச்சட்டை ஒன்று எப்போதும் பையில் கிடக்கட்டும். ஜூனிலிருந்து மாடுகள் மேலே இருக்கும். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் உங்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள், அருகில் ஓடாதீர்கள், சுற்றிப் போங்கள். திறந்த படலையைத் திரும்பச் சாத்துங்கள். மரத்தொட்டியில் ஓடும் தண்ணீர் குடிக்கலாம், குடிநீர் அல்ல என்று பலகை இருந்தால் தவிர.

ஏதும் நடந்தால் 1414. அது 1952இல் தொடங்கிய ரேகா வான்மீட்புச் சேவை. ஆண்டுக்கொரு சிறு சந்தா கட்டி ஆதரவாளராக இருப்பது நல்லது, நம் வீடுகளில் பலருக்கு இது தெரியாது. இன்னொன்றும் தெரியாது: ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவருக்கு, வேலைக்கு வெளியே நேரும் விபத்துக்கும் கட்டாயக் காப்புறுதி உண்டு. சம்பளச் சீட்டில் அதற்குக் காசு கழிவதைப் பார்த்திருப்பீர்கள். கணுக்கால் சுளுக்கினால் வைத்தியச் செலவுக்கு என்ன செய்வது என்று பயந்து வீட்டில் இருப்பவர்கள் அந்தச் சீட்டை எடுத்து வாசியுங்கள்.

போட்டிகளைப் பற்றியும் இளையவர்கள் கேட்கிறார்கள். இன்டர்லாக்கனிலிருந்து மேலேறும் யுங்ஃபிராவ் மரதன் 1993 முதல் நடக்கிறது: முதல் பாதி ஓரளவு சமதளம், பிறகு வெங்கென் ஊருக்கு ஏறும் வளைவுகளில் எல்லோருடைய பெருமையும் கரையும். கிரிண்டல்வால்டிலேயே 2013 முதல் நடக்கும் ஐகர் அல்ட்ரா டிரெயிலில் 101 கிலோமீற்றர், 6,700 மீற்றர் ஏற்றம் என்ற பெரிய ஓட்டம் இருக்கிறது. அதே வாரத்தில் 16 கிலோமீற்றர் ஓட்டமும் உண்டு. என்னைக் கேட்டால் முதல் வருடம் எதற்கும் பதியாதீர்கள். மார்பில் இலக்கம் குத்தினால் நம்மவருக்கு மலை தெரியாது, முன்னால் ஓடுகிறவரின் முதுகுதான் தெரியும்.

அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் தனியாக ஒரு வரி. "பொம்பிளைப் பிள்ளை தனிய மலையில ஓடினால் சனம் என்ன கதைக்கும்" என்ற கேள்வி உங்கள் வீடுகளில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சனம் ஃபவுல்ஹோர்னுக்கு வருவதில்லை. முதலில் இரண்டு மூன்று பேராகப் போங்கள், அது ஊர் வாய்க்குப் பயந்து அல்ல, மலைக்கு மரியாதையாக. அம்மாமாரையும் கூட்டி வாருங்கள்: அவர்கள் கேபிள் காரில் ஃபிர்ஸ்டுக்கு வந்து ஏரிவரை நடக்கட்டும், நீங்கள் கிறோசெ ஷைடெக்கிலிருந்து ஓடி வந்து சேருங்கள். சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி, மத்தியானம் நடனம், மிருதங்கம். ஞாயிறு மிஞ்சும். ஆரேக்கரைக்கு அந்த ஞாயிறுகளில் ஒன்றிரண்டு குறைந்தால் ஆறு கோபிக்காது.

பேர்ணிலிருந்து ரயிலில் இன்டர்லாக்கன் ஓஸ்ட், அங்கே மாறி கிரிண்டல்வால்ட், எல்லாமாக ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ஒன்றே ஒன்று கவனம்: அந்த இரண்டாவது ரயில் ஸ்வைலூட்ஷினெனில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி கிரிண்டல்வால்டுக்கும் மறு பாதி லௌட்டர்புருன்னெனுக்கும் போகும். ஏறும் முன் பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். கதையில் மூழ்கி மாறி ஏறினாலும் பரவாயில்லை, லௌட்டர்புருன்னெனைச் சுற்றியும் நல்ல பாதைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நேரில் கதைப்போம்.

அன்புடன்,
உங்களோடு ஆரேக்கரையில் ஓடும் ஒருவர்
பேர்ண்